கேட்டுப் பெற்ற வாழ்வு
(சார்லட் பிரான்டே, 1816–1855)

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால் வயது ஏற ஏற, வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவிடுகிறது. படிப்பை முடித்து, வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் பெண்ணின் உள்ளத்தில் எத்தனை தயக்கங்கள்! எனக்குத் தகுதி உண்டா? பெரியவர்களிடம் யோசனை கேட்டால் என்ன நினைப்பார்களோ? இல்லை என்று சொல்லிவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதிலும் எழுதிப் பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெண்ணுக்கு, தன் ஆசை முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதானோ என்று தோன்றுவது இயல்பே.

இந்தத் தயக்கங்கள் அனைத்தையும் அனுபவித்தும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத் தவறாத ஒரு பெண்ணின் கதை இது. ஜேன் அயர் என்னும் நாவலை உலகுக்குத் தந்த சார்லட் பிரான்டேதான் அவர்.

தாயற்ற வீடு

சார்லட் 1816-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் இங்கிலாந்தில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள தார்ன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பாட்ரிக் பிரான்டே ஆங்கிலிக்கன் சபையின் குரு. அயர்லாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தம் முயற்சியால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வரை சென்று படித்தவர். 1820-இல் அவர் ஹாவர்த் என்னும் மலையோர ஊருக்கு மாற்றலானார். வீட்டுக்கு முன்னால் கல்லறைத் தோட்டம். பின்னால் காற்று ஓயாது வீசும் பொட்டல் மேடு. அடுத்த ஆண்டே தாயார் ஆறு குழந்தைகளை விட்டுவிட்டுக் கண்மூடினார். தாயின் சகோதரி எலிசபெத் பிரான்வெல் தெற்கிலிருந்து வந்து குழந்தைகளை வளர்த்தார்.

1824-இல் மூத்த பெண்கள் நால்வரும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே உணவும் சரியில்லை, குளிரும் தாங்க முடியவில்லை. 1825-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூத்தவள் மரியாவும், ஜூன் மாதத்தில் அடுத்தவள் எலிசபெத்தும் காசநோயால் இறந்தனர். ஒன்பது வயதுச் சார்லட் ஒரே நாளில் மூத்த மகள் ஆகிவிட்டார். தம்பி பிரான்வெல், தங்கைகள் எமிலி, ஆன் ஆகிய மூவருக்கும் இனி அவரே அக்காள்.

1826-இல் தந்தை தம்பிக்கு மரத்தால் ஆன பொம்மைச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அந்தச் சிப்பாய்களைச் சுற்றி நால்வரும் கதை கட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு புத்தகங்களைத் தைத்து, அச்செழுத்துப் போன்ற பொடி எழுத்தில் கதைகள் எழுதி நிரப்பினார்கள். எழுத்து அவர்களுக்கு விளையாட்டாகத் தொடங்கியது. பிறகு மூச்சாகவே ஆகிவிட்டது.

ஆனால் மூச்சு வேறு, பிழைப்பு வேறு அல்லவா? அவர்கள் குடியிருந்தது திருச்சபைக்குச் சொந்தமான வீடு. தந்தை இறந்தால் பெண்களுக்குத் தங்க இடமும் இராது. ஆகவே வேலை தேடியே தீர வேண்டும். அந்நாளில் படித்த பெண்ணுக்கு இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, பள்ளி ஆசிரியை. மற்றொன்று, பணக்காரர் வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் கவர்னஸ் வேலை. சார்லட் தாம் படித்த ரோ ஹெட் பள்ளியிலேயே 1835-இல் ஆசிரியையாகச் சேர்ந்தார். தலைமை ஆசிரியை மார்கரெட் ஊலர் அன்பானவர். ஆயினும் நாள் முழுவதும் இலக்கணம் கற்பித்துக் களைத்த பின் எழுத நேரமேது? வாழ்வு இப்படியே கழிந்துவிடுமோ என்ற கவலை அவரை அரித்தது.

கவிஞருக்கு ஒரு கடிதம்

1836-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதி. விடுமுறைக்கு வீட்டிற்கு வந்திருந்த சார்லட், இருபது வயதில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். அப்போது இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராக இருந்த ராபர்ட் சவுதிக்குத் தம் கவிதைகளை அனுப்பி, தமக்குத் திறமை உண்டா என்று மனந்திறந்து கேட்டார்.

பதில் வர மார்ச் மாதம் ஆயிற்று. சவுதி கொடியவரல்லர், அந்தப் பெண்ணிடம் கவிதை ஆற்றல் இருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று அறிவுரை கூறினார். பகற்கனவுகளில் மூழ்கினால் அன்றாடக் கடமைகளில் சலிப்புத் தட்டிவிடும் என்று எச்சரித்தார். புகழை எண்ணாமல் கவிதைக்காகவே கவிதை எழுதும்படியும் சொன்னார்.

இளம் உள்ளத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி! சார்லட் வெட்கினார், வருந்தினார். ஆனால் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதிய பெரியவருக்கு மரியாதையுடன் நன்றிக் கடிதம் எழுதினார். தாம் கடமைகளைப் புறக்கணிக்கும் பெண் அல்லர் என்பதையும் அதில் பணிவாக விளக்கினார். அந்தப் பண்பில் நெகிழ்ந்த சவுதி மீண்டும் ஓர் அன்பான கடிதம் எழுதினார். தம் இருபத்தோராவது பிறந்த நாளன்று, அந்த அறிவுரையை என்றென்றும் காத்து வைக்க வேண்டும் என்று சார்லட் கடித உறையின் மேல் குறித்து வைத்தார்.

கடிதத்தைக் காத்தார்; எழுதுவதையோ விடவில்லை.

அதே நாட்களில் தம்பி பிரான்வெல்லும் உதவி கேட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு பெரிய பத்திரிகையின் ஆசிரியருக்குத் தன் பெருமையைத் தானே பறைசாற்றி எழுதினான். 1837 ஜனவரியில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதியபோது, அவரை அளவுக்கு மீறிப் புகழ்ந்து, மற்றக் கவிஞர்களை இகழ்ந்தான். இரண்டு இடங்களிலிருந்தும் பதில் வரவில்லை. வேர்ட்ஸ்வொர்த் அந்தக் கடிதத்தைக் கண்டு அருவருப்பே அடைந்தார். தம்பி தன் பெருமையைச் சொன்னான். அக்காள் தன் ஐயத்தைச் சொன்னார். அக்காளுக்குக் கிடைத்தது கசப்பான மருந்தே என்றாலும், பதில் என்று ஒன்று கிடைத்தது.

பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

பள்ளி வேலையை விட்டபின் சார்லட் 1839-இலும் 1841-இலும் இரண்டு வீடுகளில் கவர்னஸாக இருந்தார். இரண்டாவது வீட்டில் ஆண்டுச் சம்பளம் 20 பவுன். சலவைச் செலவுக்கென்று 4 பவுன் பிடித்தம் போகக் கைக்கு வந்தது 16 பவுன். பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் துணி தைக்க வேண்டும். வீட்டாருடன் சேரவும் முடியாது, வேலைக்காரர்களுடன் சேரவும் முடியாது. கூச்ச சுபாவமும் கிட்டப்பார்வையும் உடைய சார்லட்டுக்கு அது பெருந்துன்பமாக இருந்தது.

சகோதரிகள் மூவரும் சேர்ந்து சொந்தமாகப் பள்ளி தொடங்கலாம் என்று திட்டமிட்டார்கள். பெரியம்மா தம் சேமிப்பிலிருந்து கடன் தர இசைந்தார். அப்போதுதான் சார்லட் யோசித்தார். பள்ளிகள் மலிந்து கிடக்கும் நாட்டில், மற்றவர்களிடம் இல்லாத ஒரு தகுதி நம்மிடம் இருந்தாலன்றோ பிள்ளைகள் வருவார்கள்? ஆகவே முதலில் வெளிநாடு சென்று பிரெஞ்சும் ஜெர்மனும் கற்க வேண்டும்.

1841 செப்டம்பரில் பெரியம்மாவுக்கு அவர் எழுதிய கடிதம், உதவி கேட்பது எப்படி என்பதற்கு நல்ல பாடம். அதில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. எந்த ஊருக்குப் போக விரும்புகிறார், ஏன் பாரிஸ் வேண்டாம், ஏன் பிரஸ்ஸல்ஸ், பயணச் செலவு எவ்வளவு ஆகும், படித்து வந்தால் என்ன பயன் என்று வரிசையாக விளக்கினார். இது பேராசை என்று அப்பா நினைக்கலாம். ஆனால் அயர்லாந்தை விட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டபோது அப்பாவுக்கும் இதே ஆசைதானே இருந்தது என்றும் நினைவூட்டினார். சிக்கனமும் கண்டிப்பும் உடைய பெரியம்மா மறுக்கவில்லை.

1842 பிப்ரவரியில் சார்லட்டும் எமிலியும் தந்தையுடன் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் புறப்பட்டார்கள். இருபத்தைந்து வயதுச் சார்லட், தம்மைவிட இளைய பெண்களோடு வகுப்பில் அமர்ந்தார். முன்பு ஆசிரியையாக இருந்தவர் மறுபடி மாணவியாவதற்கு எவ்வளவு தாழ்மை வேண்டும்! அங்கே கான்ஸ்டன்டின் எழே என்ற ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். தேவையற்ற சொற்களை வெட்டவும், சொல்ல வந்ததை விட்டு விலகாமல் எழுதவும் அவர் கற்றுக்கொடுத்தார். சார்லட்டின் கட்டுரைத் தாள்களின் ஓரமெல்லாம் அவர் திருத்தங்கள் நிறைந்தன. பிற்காலப் புகழுக்கு அந்தத் திருத்தங்களும் ஒரு காரணம் எனலாம்.

அந்த ஆண்டு அக்டோபரில் பெரியம்மா காலமானார். வீடு திரும்பிய சார்லட், 1843 ஜனவரியில் தனியே பிரஸ்ஸல்ஸ் சென்று அதே பள்ளியில் ஆங்கில ஆசிரியையானார். எமிலி உடன் இல்லை. விடுமுறையில் பள்ளியே வெறிச்சோடிவிட்டது. தனிமை தாங்காத அந்தச் செப்டம்பர் மாலையொன்றில், தெருக்களில் சுற்றி அலைந்த சார்லட் புனித குடுலா ஆலயத்தின் மணியோசை கேட்டு உள்ளே சென்றார். கத்தோலிக்கராக இல்லாதபோதும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டார். முதலில் தயங்கிய குருவானவர், பிறகு அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். சார்லட் தம் சபையை விட்டு மாறவில்லை. ஆனால் பாரம் தாங்க முடியாத வேளையில் முன்பின் அறியாத ஒருவரிடம் மனத்தைத் திறந்தது அவருக்கு ஆறுதல் தந்தது. இதைத் தங்கை எமிலிக்கு மட்டும் கடிதத்தில் தெரிவித்தார். பின்னாளில் வில்லெட் என்ற நாவலில் இந்த அனுபவத்தைப் பயன்படுத்தினார்.

மாணவியர் வராத பள்ளி

1844-இல் வீடு திரும்பியதும் சார்லட் பள்ளிக்கான விளம்பர அறிக்கையை அச்சிட்டார். உணவு, உறைவிடம், கல்வி அனைத்துக்கும் ஆண்டுக்கு 35 பவுன் கட்டணம். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் எழுதிக் கேட்டார். தோழிகளும் முயன்றார்கள். ஹாவர்த் ஒதுக்குப்புறமான ஊராகையால், ஒரு மாணவியும் வரவில்லை! தந்தையின் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. வேலையிழந்து வீடு திரும்பிய தம்பியோ மதுவுக்கு அடிமையானான்.

எல்லாக் கதவுகளும் அடைபட்ட நிலையில், 1845-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் எமிலியின் கவிதை நோட்டு ஒன்று தற்செயலாகச் சார்லட்டின் கண்ணில் பட்டது. படித்துப் பார்த்து வியந்தார். கேட்காமல் படித்ததற்காக எமிலி கோபித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தவே பல மணி நேரம் ஆயிற்று. ஆன் தன் கவிதைகளையும் எடுத்து வந்தாள். மூவரும் சேர்ந்து ஒரு நூல் வெளியிட முடிவு செய்தார்கள்.

ஆனால் பதிப்பகத்தாரை அணுகுவது எப்படி? கிராமத்துப் பெண்களுக்கு என்ன தெரியும்? சார்லட் மீண்டும் பேனாவை எடுத்தார். எடின்பரோ நகரில் சேம்பர்ஸ் என்ற புகழ்பெற்ற பதிப்பகத்தாருக்கு எழுதி, வழி சொல்லும்படி கேட்டார். முன்பின் அறியாத அவர்கள் சுருக்கமாக, ஆனால் பயனுள்ள விதத்தில் பதில் எழுதினார்கள். அதன்படியே சகோதரிகள் நடந்தார்கள்.

பெண்கள் எழுதியதென்றால் ஏளனமாகப் பார்ப்பார்கள் என்று அஞ்சி, கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார்கள். பெரியம்மா விட்டுச் சென்ற பணத்திலிருந்து முப்பது பவுனுக்கு மேல் செலவழித்து, 1846 மே மாதத்தில் கவிதை நூல் வெளிவந்தது. ஓராண்டில் விற்றவை இரண்டே பிரதிகள்! அதைக் கண்டு அழாமல், எஞ்சிய பிரதிகளில் சிலவற்றை டென்னிசன் முதலிய புகழ்பெற்ற எழுத்தாளர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பி, விற்ற கணக்கையும் வேடிக்கையாகத் தெரிவித்தார் சார்லட்.

உறை மேல் அடித்த பெயர்கள்

இதற்கிடையே மூவரும் ஆளுக்கொரு நாவல் எழுதினார்கள். தங்கையரின் நாவல்களை ஒரு பதிப்பகத்தார் ஏற்றுக்கொண்டனர். சார்லட்டின் த புரொபசர் என்ற நாவலை மட்டும் யாரும் ஏற்கவில்லை. 1846 ஆகஸ்டில் தந்தையைக் கண்புரை அறுவைக்காக மான்செஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவை நடந்த அதே நாளில், மறுக்கப்பட்ட நாவல் தபாலில் திரும்பி வந்தது. இருட்டறையில் தந்தை கட்டிய கண்களோடு படுத்திருக்க, அந்த அந்நிய ஊரின் வாடகை அறையில் சார்லட் புதிய நாவல் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் ஜேன் அயர்.

பழைய நாவலின் பயணம் மட்டும் நிற்கவில்லை. புது உறை வாங்கினால் வீண் செலவு என்றோ, உலக அனுபவம் இல்லாததாலோ, மறுத்தவர்களின் முகவரியை அடித்துவிட்டு, அதே உறையின் மேல் அடுத்த பதிப்பகத்தாரின் முகவரியை எழுதி அனுப்பினார். கட்டைக் கையில் வாங்குகிறவர், இதற்கு முன் யார் யார் மறுத்தார்கள் என்பதை உறையிலேயே படித்துக்கொள்ளலாம்!

1847 ஜூலையில் அந்தக் கட்டு லண்டனில் ஸ்மித், எல்டர் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் வரத் தாமதமாயிற்று. சார்லட் தம்பியிடம் யோசனை கேட்டார். பதிலுக்குத் தபால் தலை வைக்காததுதான் காரணமாக இருக்கும் என்றான் அவன். உடனே தபால் தலையை வைத்து மறுபடி எழுதினார்.

பதில் வந்தது. நாவலை வெளியிட இயலாது என்பதே செய்தி. ஆனால் அது வழக்கமான இரண்டு வரி மறுப்பன்று. நாவலின் நிறைகளையும் குறைகளையும் மதிப்போடு ஆராய்ந்து, மூன்று பாகங்கள் கொண்ட நாவல் எழுதினால் கவனத்தோடு பார்ப்பதாகச் சொல்லும் இரண்டு பக்கக் கடிதம். அதை எழுதக் காரணமானவர் அந்நிறுவனத்தில் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து மதிப்பிட்டுவந்த வில்லியம்ஸ் என்பவர். மறுப்புக்குள் ஓர் அழைப்பு இருப்பதைச் சார்லட் கண்டுகொண்டார். ஆகஸ்டு 24-ஆம் நாள் ஜேன் அயர் கையெழுத்துப் பிரதி ரயில் பார்சலில் லண்டனுக்குப் புறப்பட்டது.

பதிப்பக உரிமையாளர் ஜார்ஜ் ஸ்மித்துக்கு அப்போது வயது இருபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரதியைக் கையில் எடுத்தவர், நண்பருடன் குதிரைச் சவாரி செல்லும் திட்டத்தைக் கைவிட்டார். சாப்பாட்டைக்கூட அவசரமாக முடித்தார். படித்து முடித்துவிட்டே இரவு படுத்தார். அக்டோபரில் நூல் வெளிவந்தது. முதலில் கிடைத்த தொகை 100 பவுன். கவர்னஸ் வேலையில் ஆறு ஆண்டுகள் உழைத்தாலும் கைக்கு வராத தொகை அது. சில மாதங்களிலேயே இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் அச்சாயின.

பிறகுதான் சார்லட் புத்தகத்தையும் மதிப்புரைகளையும் எடுத்துக்கொண்டு தந்தையின் அறைக்குச் சென்றார். சொந்தச் செலவில் அச்சிட்டு நஷ்டப்பட்டாளோ என்று முதலில் அஞ்சிய அவர், மாலைத் தேநீர் வேளையில் மற்றப் பெண்களிடம், சார்லட் எழுதிய புத்தகம் தாம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது என்று அறிவித்தார்!

நீங்காத ஐயம்

வெற்றி வந்ததால் துன்பம் ஒழிந்துவிடவில்லை. 1848 செப்டம்பரில் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன் என்று எட்டு மாதங்களில் மூவரும் மறைந்தனர். முன்பெல்லாம் இரவில் சகோதரிகள் மூவரும் மேசையைச் சுற்றி நடந்தபடி தாங்கள் எழுதியதைப் படித்துக் காட்டி, ஒருவருக்கொருவர் கருத்துக் கேட்பது வழக்கம். இப்போது கேட்கத் தங்கையர் இல்லை. தன்னந்தனியே நடந்தார் சார்லட்.

ஐயமும் அவரை விட்டுப் போகவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோதும், 1852-இல் வில்லெட் நாவலைத் தம் பெயரே தெரியாமல் வெளியிட முடியுமா என்று பதிப்பகத்தாரைக் கேட்டார். குறைகளை மறைக்காமல் சொல்லும்படியும் வேண்டினார். முதல் நாவலான த புரொபசர், அவரே கணக்கிட்டபடி, ஒன்பது முறை மறுக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு 1857-இல்தான் அச்சேறியது.

தாம் பெற்ற உதவியை அவர் மறக்கவில்லை. வில்லியம்ஸ் தம் பெண்களின் எதிர்காலம் பற்றி யோசனை கேட்டபோது, சார்லட் தம் சொந்த அனுபவத்திலிருந்து விரிவாகப் பதில் எழுதினார். பெண்களுக்குக் கல்வியும், சொந்தக் காலில் நிற்க ஒரு தொழிலும் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரு காலத்தில் வழி கேட்டு நின்றவர், இப்போது வழி காட்டுகிறவரானார்.

1854 ஜூன் மாதத்தில் தம் தந்தையின் உதவிக் குருவான ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்தார். அந்த இல்வாழ்வு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1855 மார்ச் 31-ஆம் நாள், முப்பத்தெட்டு வயதில் சார்லட் காலமானார்.

அன்புச் சகோதரிகளே! ஐயம் நீங்கிய பிறகு வேலை தேடலாம், துணிவு வந்த பிறகு உதவி கேட்கலாம் என்று காத்திருந்தால் காலம் நமக்காகக் காத்திராது. சார்லட்டுக்கு ஐயம் கடைசிவரை நீங்கவில்லை. அந்த ஐயத்தோடேயே அவர் கேட்டார். என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்டார். மறுத்தவர்க்கும் நன்றி சொன்னார். மறுப்புக் கடிதத்திலும் தமக்குப் பயன்படும் ஒரு வரியைத் தேடி எடுத்துக்கொண்டு, அடுத்த வேலையில் இறங்கினார்.

நாளை நம் விண்ணப்பம் ஒன்று திரும்பி வரும்போது, அடித்த பெயர்களோடு லண்டனுக்குச் சென்ற அந்தப் பழைய உறையை நினைத்துக்கொள்வோம். அடுத்த முகவரியை எழுத அதில் இன்னும் இடம் இருந்தது.